போஸ்டரில் உன் அப்பாவின் வயிறு

டுலேரி, கலிபோர்னியா
பாதாம் பூ உதிர்கிற வாரம், ஞாயிறு, பூசை முடிந்து வந்து

என் செல்ல மகள் நேலியாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். முதலில் அப்பாவைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவாய். நன்றாக இருக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், இந்த நிமிஷம் வேலியோரம் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரன் தன் தண்ணீர்க் குழாயை எப்படிப் பழுதுபார்க்க வேண்டும் என்று அவன் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ அந்த நார்வே குளிரில் எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய போட்டோவில் மத்தியானமே இருட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்பா, "அந்த ஊர்க் கோழிக்கு எப்ப முட்டை போடறதுன்னே தெரியாதே" என்று இரண்டு நாள் கவலைப்பட்டார். மீனின் காதுக்குள் இருக்கிற எலும்பைப் பெரிதாக்கிப் பார்த்து அதன் வயதைச் சொல்கிற வேலையில் உன்னை மேலே உயர்த்தியிருக்கிறார்கள் என்று கேட்டு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா டோனட் கடையில் எல்லோரிடமும் சொல்லி, ஒருவரும் நம்பவில்லை. இந்தப் பார்சலில் சீமைமாதுளை ஜாம், கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, உருட்டி வைத்த ஒரு தாள் இருக்கும். தாளை மட்டும் கடிதம் முழுவதையும் படித்த பிறகு பிரி.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரிலிருந்து நீ ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், அப்பாவுக்கு இதயத்தில் கோளாறு என்பது எப்படித் தெரியவந்தது, மயங்கி விழுந்தாரா, நெஞ்சு வலித்ததா என்று. ஒவ்வொரு தடவையும் அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "சும்மா செக்கப்புக்குப் போனேன்மா, டாக்டர் கண்டுபிடிச்சிட்டார்" என்று முடித்துவிடுகிறார். உன் அப்பா சும்மா செக்கப்புக்குப் போகிற ஆளா? பால் லாரி ஓட்டிய காலத்தில் விரல் முறிந்தபோது டேப்பைச் சுற்றிக்கொண்டு மிச்சப் பண்ணைகளுக்கும் போய்விட்டு வந்தவர். உண்மையைச் சொல்ல எனக்கு இத்தனை நாளாக அனுமதி இல்லை, அவருக்கு வெட்கம். போன வாரம்தான் மனசு இறங்கி, "சரி, எழுதிக்கோ. ஆனா போன்ல மட்டும் சொல்லாதே, அவ சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கக்கூடாது" என்றார். அதனால்தான் கடிதம். தாராளமாகச் சிரி.

நான் காலேஜில் சேர்ந்தது உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அங்கே என்னதான் செய்கிறேன் என்று உன்னிடம் நான் சரியாகச் சொன்னதில்லை, நீயும் அம்மா ஏதோ பொழுதுபோக்குக்குப் பூவும் குருவியும் வரைகிறாள் என்று நினைத்திருப்பாய். பாதாம் ஆலையில் வேலையை விட்ட பிறகு நம் சமுதாயக் கல்லூரிக்கு நான் போனதே கம்ப்யூட்டர் வகுப்பில் சேரத்தான், உன்னோடு முகம் பார்த்துப் பேசப் பழகிக்கொள்ளலாம் என்று. அந்த வகுப்பு நிரம்பிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, "டிராயிங்ல ஒரே ஒரு இடம் இருக்கு மேடம், போடட்டுமா" என்று கடையில் மிச்சமிருக்கும் கடைசி ரொட்டியைத் தருவதுபோலக் கேட்டாள். போடு என்றேன். டீச்சர் பெயர் ரூத் பெட்ரோசியன், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், மூக்கில் வளையம், காலில் ஆண்பிள்ளை பூட்ஸ். முதல் நாள் மேசைமேல் ஒரு பழைய ஷூவை வைத்து வரையச் சொன்னாள். வரைந்தேன், எனக்கு அழகாகத்தான் பட்டது. பின்னால் வந்து நின்று, "இடலினா, நீங்க உங்களுக்குத் தெரிஞ்ச ஷூவை வரைஞ்சிருக்கீங்க. மேசையில இருக்கிறது வேற ஷூ, அதைப் பாருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஷூவில் என்ன வேற ஷூ? ஆனால் குனிந்து பார்த்தால், நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது, குதிகால் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, ஒரு துளையில் கயிறே இல்லை, அதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஆலையில் பெல்ட்டில் ஓடும் பாதாமில் சொத்தையைப் பொறுக்கிய கண் இது, நேலியா, இந்தக் கண்ணுக்கே இப்படி. வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் ஷூவையும் என் ஷூவையும் வரைந்து தள்ளினேன். ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவத்தில் பெயிண்டிங் சேர்ந்தேன், அதற்கப்புறம் அலுவலகத்தில் ஒருவர், இன்னும் கொஞ்சம் பாடங்கள் முடித்தால் நுண்கலையில் இரண்டு வருஷப் பட்டமே வாங்கிவிடலாம் என்றார். அப்பாவிடம் சொன்னேன். "பட்டம் வாங்கி எந்த மாட்டுக்குக் கட்டப் போறே?" என்றார். இருந்தாலும் என் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கக் கொட்டகையில் பலகை அடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மனித உருவம் வரைகிற வகுப்பைப் பற்றி உனக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன், நீயும் பெரியவளாகிவிட்டாய். அங்கே மாடலாக வருகிறவர்கள் துணி இல்லாமல்தான் நிற்பார்கள். அன்று வந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து டிரைவர் அம்மாள், என் வயதுதான் இருக்கும், அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சந்தையில் வரிசையில் நிற்பதுபோல நிம்மதியாக நின்றாள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மாதாவே என்று குனிந்துகொண்டேன், குனிந்தால் பாதம்தான் தெரிந்தது, சரி பாதத்தையே வரைவோம் என்று வரைந்தேன். அடுத்த வகுப்பிலும் பாதம். அதற்கடுத்ததிலும். படம் வைக்கிற பக்கத்து ஈசல் சட்டத்தில் ஜோலீன் என்று ஒரு பெண், பர்கர் கடையில் வேலை முடிந்து சீருடையோடு உருளைக்கிழங்கு வறுத்த வாசனையோடு ஓடிவருவாள், அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, அவங்களுக்கு முட்டிக்கு மேலயும் ஆள் இருக்காங்க" என்றாள், வகுப்பே சிரித்தது, மாடல் அம்மாள் உட்பட. கடைசியில் எனக்கும் கூச்சம் போய்விட்டது. ஆனால் அதற்குள் பாதம் வரைவதில் அந்த வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லாமல் ஆகிவிட்டது, ரூத்தே மற்ற பிள்ளைகளிடம் பாதம் சரியாக வரவில்லையென்றால் இடலினாவிடம் போய்க் கேளுங்கள் என்பாள். அப்பா மட்டும் நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்பார். ஆண் என்று சொன்ன நாளில் சூப்பில் கரண்டி கொஞ்சம் பலமாக இடிக்கும்.

போன வருஷம் கோடை முடிந்து பருவம் தொடங்கியபோது ரூத் ஒரு பெரிய வேலை கொடுத்தாள். ஆளுயரக் கேன்வாஸ், ஆயில் பெயிண்ட், உயிருள்ள ஒருவரை எதிரில் உட்காரவைத்து வாரக்கணக்கில் வரைய வேண்டும், போட்டோ பார்த்து வரையக்கூடாது. எனக்கு ஆடாமல் அசையாமல் யார் உட்காருவார்கள்? அப்பாவைக் கேட்டேன், மாட்டேன் என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் சாய்வு நாற்காலியில் போய் விழுந்து தூங்குகிறாரே, அதைவிட நல்ல மாடல் எங்கே கிடைக்கும்? கொட்டகையிலிருந்து ஈசல் சட்டத்தைக் கொண்டுவந்து சத்தம் போடாமல் கூடத்தில் வைத்துக்கொண்டேன். பனியன், மேலே தூக்கிக் கிடக்கிற வயிறு, வயிற்றின்மேல் டி.வி. ரிமோட், திறந்த வாய், தலைக்குப் பின்னால் மூன்று தலையணை, முக்காலியில் தூக்கிவைத்த கால், கணுக்கால்வரை சுருட்டிவிட்ட சாக்ஸ், சாக்ஸின் ரப்பர் பதிந்த வளையம். அந்தக் கோடைகாலத்திலிருந்தே அவர் படுக்கையில் தூங்குவதை விட்டுவிட்டு நாற்காலியிலேயே இரவும் தூங்க ஆரம்பித்திருந்தார், கேட்டால் முதுகு வலி என்பார், நானும் சரிதான், லாரியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது என்று விட்டுவிட்டேன். கண்விழித்துப் பார்த்தால் கேன்வாஸைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுவேன். என்ன வரைகிறாய் என்று கேட்டால் மலை என்பேன். பொய்யும் இல்லை.

படம் முடிந்தது. ரூத் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு என் தோளை ஒரு தட்டுத் தட்டினாள். நவம்பரில் மாணவர் கண்காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதுவரை எனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், கண்காட்சியின் போஸ்டருக்கும் அதையே எடுத்துவிட்டார்கள். ஊர் முழுக்க ஒட்டிவிட்டார்கள், நேலியா. நூலகத்தில், சலவைக் கடையில், மாட்டுத்தீவனக் கடையில். அப்பா தினமும் காலையில் போகிற டோனட் கடைக்காரம்மா, பாவம், நல்ல மனசோடு, நம் ஊர் காலேஜ் பிள்ளைகள் ஆயிற்றே என்று வாசல் கண்ணாடியிலேயே ஒட்டிவைத்திருக்கிறார். அப்பா கதவைத் தள்ளப் போகிறார், கண்ணாடியில் அவரே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். உள்ளே அவருடைய பழைய பால்பண்ணைக் கூட்டம் மொத்தமும் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆல்வரினோ மாமா எழுந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, நாங்க எல்லாம் சட்டை போட்டுக்கிட்டு வந்துட்டோம், மன்னிக்கணும்" என்றாராம். இன்னொருவர், "எர்மினியோ, உன் வயித்துக்குக் கீழே நேரம், இடம், அனுமதி இலவசம்னு போட்டிருக்கே, எங்களைச் சேர்த்துப்பியா?" என்றாராம். அப்பா காபி வாங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "இடலினா, உனக்கு இந்த ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்கப் பேச்சே இல்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், டி.வி. பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டை நிறைய உண்டு, உனக்கே தெரியும், ஆனால் மௌனம் கிடையாது. எனக்கும் கோபம்தான். நான் கேலி செய்யவா வரைந்தேன்? எத்தனை ஞாயிறு அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன், கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையில் அவர் தன் சாய்வு நாற்காலியில் உட்காராமல் சமையலறை மர நாற்காலியில் முதுகை நிமிர்த்திக்கொண்டு தூங்கி வழிந்ததைப் பார்த்தேன். நான் மறுபடி வரைந்துவிடுவேனோ என்று பயந்து அப்படி உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. படமும் வேண்டாம், கண்காட்சியும் வேண்டாம் என்று காரை எடுத்துக்கொண்டு நேரே காலேஜுக்குப் போனேன், படத்தைக் கழற்றிக் கொண்டுவந்துவிடுவது என்று.

நம் காலேஜில் ஓவிய வகுப்பும் நர்ஸ் படிப்பும் ஒரே கட்டடம், ஒரே நடைபாதை. கண்காட்சியை அந்த நடைபாதைச் சுவரில்தான் வைத்திருந்தார்கள். நான் போனபோது என் படத்தின் முன்னால் நீலச் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள், நடுவில் அவர்களுடைய டீச்சர், காயிங் லோர் என்று பெயர், என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள், கையில் பேனாவை வைத்துக்கொண்டு அப்பாவின் காலைச் சுட்டிச் சுட்டி ஏதோ சொல்கிறாள், பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். டோனட் கடைக் கதை என் மனசில் இருந்ததா, எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், "என்ன வேடிக்கை இங்கே? அது என் புருஷன்" என்று நடைபாதை அதிரக் கத்திவிட்டேன். எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாள் மட்டும் அசையவில்லை. "யாரும் சிரிக்கலைம்மா. நீங்கதான் வரைஞ்சீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "இவர் எப்பவும் இப்படி உட்கார்ந்துதான் தூங்குவாரா?" கோடையிலிருந்து என்றேன், முதுகு வலி என்றேன். "ராத்திரியிலயுமா?" ஆமாம். "இந்தக் கால், கணுக்கால் இப்படி உப்பியிருக்கே, சாக்ஸ் தடம் இவ்வளவு ஆழமா இறங்கியிருக்கே, இது படத்துக்காக நீங்க போட்டதா, நிஜமாவே இப்படித்தானா?" எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. "இல்லாததை எனக்கு வரையத் தெரியாதும்மா" என்றேன். அவள் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "படத்தைப் பார்த்து நான் வியாதி சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனா இது என் அப்பாவா இருந்தா இன்னைக்கே கூட்டிட்டுப் போவேன், நாளைக்குன்னு வைக்கமாட்டேன்" என்றாள். கணுக்காலில் கட்டைவிரலை வைத்துக் கொஞ்சநேரம் அழுத்திவிட்டு எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கிறதா பாருங்கள் என்று தன் காலிலேயே அழுத்திக் காட்டினாள். நான் படத்தைக் கழற்ற மறந்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னால் அப்பா ஒரு வாரத்து மௌனத்தைக் கலைத்துக்கொண்டு சிரித்தார், "படத்தைப் பார்த்து வைத்தியமா? அப்ப என்னை எதுக்குக் கூப்பிடறே, படத்தையே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றார். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து சாக்ஸை இறக்கிக் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். ஈஸ்டருக்கு இனிப்பு ரொட்டி மாவு பிசைந்து விரல் வைத்தால் குழி நிற்குமே, அப்படி நின்றது. இரண்டு பேரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மேலே வரும் வரும் என்று பார்த்தால் வரவே இல்லை. அப்பா எழுந்து உள்ளே போனார். போய் இஸ்திரி போட்ட சட்டையும் நல்ல சாக்ஸும் போட்டுக்கொண்டு வந்து, "நீ ஓட்டு" என்றார். உன் அப்பா என்னை ஓட்டச் சொன்னது அன்றுதான் முதல் தடவை, அப்போதுதான் நேலியா எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஃப்ரெஸ்னோ போகிற வழியெல்லாம் மூடுபனி, முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். அவர் வேகமாகப் போகிறாய் மெதுவாகப் போகிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இதயத்தின் வால்வு சுருங்கிப்போய், நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதும், தொடை வழியாகவே குழாய் விட்டுப் புது வால்வு வைத்ததும், நீ தினமும் போன் செய்து அழுததும். உனக்குத் தெரியாதது ஒன்றுதான். வால்வு வைப்பதற்கு முதல் நாள் பகலில் நான் படுக்கையோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ நினைக்கிற மாதிரி வயித்துக்காக எனக்குக் கோபம் வரலை இடா. ஆல்வரினோ வயிறு என்னைவிடப் பெரிசு. அந்தக் கண்ணாடியில பார்த்தேன் பாரு, வாயைத் திறந்துக்கிட்டு மூச்சுக்குத் தவிக்கிற ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். படுத்தா மூச்சு முட்டுதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லாம மறைச்சு வெச்சிருந்தேன். நீ அதை ஊர் முழுக்க ஒட்டிட்டே" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ காலேஜை விட்டுட்டு வீட்ல உட்கார்ந்துடுவே" என்றார். நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன், எதை உரிக்கிறேன் என்று தெரியாமல் சுளையையும் பிய்த்துவிட்டேன். அத்தனை வாரம் அந்தக் காலையும் வாயையும் மயிரிழை பிசகாமல் வரைந்திருக்கிறேன், ஒரு தடவைகூட அது என்ன என்று எனக்குத் தோன்றவில்லை. இதை அவரிடம் சொன்னேன். "பரவாயில்ல, வரைஞ்சியே" என்றார். அப்புறம் பிய்ந்துபோன ஆரஞ்சை வாங்கித் தின்றுவிட்டு, இது ஏன் இவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று திட்டினார், எனக்கு உயிர் வந்தது.

இனி சிரிக்கிற செய்தி. வீட்டுக்கு வந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன முதல் நாளே டோனட் கடைக்குப் போனார், கூடவே நானும் போனேன். கண்ணாடியில் போஸ்டர் இன்னும் இருந்தது. ஆல்வரினோ மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா, "பேச்சு அப்புறம், முதல்ல காலைக் காட்டு" என்றார். நீ பார்த்திருக்க வேண்டும், அந்தக் கிழவர்கள் ஆறு பேரும் டோனட்டைக் கீழே வைத்துவிட்டு பேண்ட்டை முட்டிவரை தூக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்க, உன் அப்பா பெரிய டாக்டர் மாதிரி ஒவ்வொருவர் கணுக்காலாக அழுத்திக்கொண்டு போகிறார். காபி வாங்க வந்த போலீஸ்காரர் ஒருவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை, ஆல்வரினோ மாமாவுக்கு மட்டும் கால் நாற்றம் என்று தீர்ப்பு. இருந்தாலும் அவரும் அடுத்த வாரம் சத்தம் போடாமல் டாக்டரிடம் போய்வந்திருக்கிறார், அவர் மனைவி பூசையில் என்னிடம் சொன்னாள்.

பிறகு காயிங் லோர் வீட்டுக்கே வந்தாள். அந்தப் படத்தைத் தங்கள் நர்ஸ் வகுப்பறைச் சுவரில் மாட்டிக்கொள்ளத் தருவீர்களா, புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பிள்ளைகள் புரட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், இதன் முன்னால் நிற்கிறார்கள் என்றாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, "தரலாம். வயித்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். முடியாது என்றேன். "கொஞ்சம்." முடியாது. "ரிமோட்டையாவது எடுத்துட்டு ஒரு புஸ்தகத்தை வெச்சிடேன், படிச்ச மனுஷன் மாதிரி இருக்கும்" என்றார். அதுவும் முடியாது என்றேன். படம் இருந்தபடியே போயிற்று. ஜனவரியில் அதை மாட்டிய அன்று அப்பாவையும் அழைத்தார்கள். சிவப்பு டை கட்டிக்கொண்டு போய்ப் படத்தின் பக்கத்தில் நின்றார், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மரியாதையாக அனுமதி கேட்டு அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார்கள், பள்ளம் விழவில்லை, அழுத்தின இடம் உடனே நிமிர்ந்துவிட்டது. ஒரு பெண் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டும் நீங்கதானா சார்?" என்றாள். "சே சே, படத்துல இருக்கிறது என் அண்ணன்" என்றார் உன் அப்பா. இப்போது அங்கே வகுப்பு எப்போது என்று அவருக்கு மனப்பாடம், கூப்பிடாவிட்டாலும் போய் நிற்கிறார். என்னைவிட அவர்தான் காலேஜுக்கு ஒழுங்காகப் போகிறார்.

ஒரே சங்கடம் சாப்பாட்டில்தான். உப்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், அதனால் லிங்குயிசா தொத்திறைச்சி இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். உப்பில்லாத கீரை சூப்பைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, யாரோ செத்துப்போனதுபோல இருக்கும். எலுமிச்சையும் பூண்டும் கூடப்போட்டு ஏதோ சமாளிக்கிறேன். நீ போனில் பேசும்போது அங்கே என்ன சாப்பிட்டாய் என்று அவரிடம் மட்டும் சொல்லாதே, புகைபோட்ட மீன் என்று நீ சொன்ன அன்று பகல் முழுக்கப் பெருமூச்சு.

நீயும் உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணே. பெரியவளாகிவிட்டாய், சொல்லக்கூடாது என்று பார்க்கிறேன், இருந்தாலும் ஜன்னல் இல்லாத அறையில் நாள் முழுக்க எலும்பைப் பார்த்துக்கொண்டிருக்காதே, அவ்வப்போது எழுந்து வெளியே போய்க் கொஞ்சம் வெளிச்சத்தில் நில், வெளிச்சம் இருந்தால். காலைச் சாப்பாட்டைக் காபியோடு முடிக்காதே. கோடையில் வருகிறேன் என்று சொன்னாயே, அதை மாற்றாதே, நான் ஏற்கெனவே உன் அறைச் சுவருக்குச் சாயம் அடித்துவிட்டேன், என்ன நிறம் என்று சொல்லமாட்டேன், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இப்போது தாளைப் பிரித்துப் பார்க்கலாம். அது புதிதாக வரைந்தது, அப்பா விழித்துக்கொண்டு இருக்கும்போது, அவரே கேட்டு உட்கார்ந்தார், ஐந்து நிமிஷத்துக்கு மேல் வாய் சும்மா இருக்கவில்லை, அதனால் வாய் மட்டும் மூன்று தடவை மாறியிருக்கும், பொறுத்துக்கொள்.

ஒரு வேண்டுகோள், மறுக்காமல் செய்யவேண்டும். இந்தப் பருவத்து வேலைக்கு ரூத் எங்களை அவரவர் பார்க்க நினைக்கிற ஒருவரை வரையச் சொல்லியிருக்கிறாள். நீ அனுப்பிய போட்டோக்கள் எல்லாவற்றையும் பரப்பிவைத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் எனக்காகச் சிரிக்கிறாய், ஒன்றிலும் உன்னைக் காணோம். அடுத்த ஞாயிறு நீ இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்து எங்களைக் கூப்பிடு. தலை வாரவேண்டாம், நல்ல சட்டை போடவேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். நீ பாட்டுக்குச் சாப்பிடு. களைப்பாக இருந்தால் களைப்பாகவே இரு. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ தொட்ட வேலை துலங்கட்டும், உன் வீட்டு அடுப்பு என்றும் சூடாக இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் உண்டு, அவர் வேலியிலிருந்து வந்துவிட்டார், பக்கத்து வீட்டுக் குழாய் உடைந்துவிட்டதாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா,
இடலினா
நுண்கலை, இரண்டாம் ஆண்டு மாணவி